பறிமுதலான கார் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அயர்லாந்தில் பதிவு வரி கட்டாத கார்களைப் பறிமுதல் செய்கிறார்களே, பிறகு அவை என்ன ஆகும்?

பதில்: அங்கே குடியிருப்பவர், வெளியிலிருந்து கொண்டுவரும் காரை 30 நாட்களுக்குள் பதிவு செய்து வரி கட்ட வேண்டும். வட அயர்லாந்து எல்லையில் காரை நிறுத்தி வரி கேட்க யாரும் நிற்பதில்லை. அதனால் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வருவாய்த் துறையினர் நடுச்சாலையிலேயே நிறுத்திப் பறிமுதல் செய்யலாம்.

அதோடு கார் போய்விட்டது என்று கலங்க வேண்டாம். வரியையும் அதற்கு மேல் விதிக்கும் தொகையையும் கட்டினால் விடுவிக்க வாய்ப்புண்டு. பறிமுதலே தவறு என்றால், ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் உரிமை கோருங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் கார் அரசுக்குச் சொந்தம். பிறகு விற்பார்கள், அல்லது நொறுக்கிவிடுவார்கள். எனவே பறிமுதல் நோட்டீஸ் கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள்.