தலைகீழாக நின்றாலும் இறங்கும்

அன்புள்ள யாழினி,

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். சேரும். ஆனால் செய்து பார்க்காதே, புரையேறிவிடும். மனிதர்கள் விண்வெளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் மருத்துவர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. எடையே தெரியாத இடத்தில் உணவு எப்படி உள்ளே இறங்கும்? 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபடியே, குழாயில் அடைத்த ஆப்பிள் கூழைச் சிரமமில்லாமல் விழுங்கினார்.

காரணம் உணவுக்குழாயில் இருக்கிறது. அதற்கு முன் வாய்க்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

இரைப்பைக்குப் பல் கிடையாது. கடித்து அரைக்கும் வேலை வாயோடு முடிந்துவிட வேண்டும். கூடவே நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 99 சதவீதம் வெறும் தண்ணீர்தான். மீதியில் உணவை வழுக்க வைக்கும் பசையும், கிருமியை அழிக்கும் லைசோசைமும், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸும் இருக்கின்றன. குழம்பு ஊற்றாத வெறுஞ்சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இரு. லேசாக இனிக்கும். சோற்றின் மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுவதன் ருசி அது. வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். அதே கஞ்சியை நீர்க்கச் செய்து, உமிழ்நீர் கலந்து சற்று நேரம் வைத்துவிட்டு அயோடின் விட்டால் அந்த நிறம் மங்கிவிடும், அல்லது வரவே வராது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டுச் செய்து பார்.

மென்றதை நாக்கு உருட்டிப் பின்னால் தள்ளும் வரைதான் நம் விருப்பம். அதன்பின் உடல் தானாகவே இயங்கும். மேலண்ணத்தின் மென்பகுதி உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி சாய்ந்து மூச்சு வழியைக் காக்கும். அந்த ஒரு கணம் மூச்சும் நிற்கும். தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்குவது தெரியும். சிரித்துக்கொண்டே சாப்பிடும்போது இந்த ஒழுங்கு தவறினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று பாட்டி உச்சந்தலையில் தட்டுவார். மூச்சுக்குழாயைக் காப்பது இருமல்.

பெரியவர்களின் உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். கவளத்துக்குப் பின்னால் உள்ள தசை சுருங்க, முன்னால் உள்ளது தளர, பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல உணவு நகர்கிறது. அதனால்தான் நிற்பதும் தொங்குவதும் பெரிய பொருட்டில்லை. ஏறத்தாழ பத்து நொடியில் இரைப்பையின் வாசல் வந்துவிடும். அங்குள்ள வளையத்தசை திறந்து மூடுகிறது. அது தளர்ந்துபோனால் அமிலம் மேலேறும். அதுதான் நெஞ்செரிச்சல், இதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரைப்பைக்குள் விழுந்த பிறகும் அமைலேஸ் உடனே ஓய்ந்துவிடாது. அமிலம் கவளத்தின் உட்புறம் வரை ஊறும்வரை, வாயில் தொடங்கிய வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அன்புடன்,
மாமா