மருந்துப் போத்தலும் மூலக்கூற்றுக் கவர்ச்சியும்

ஆலயத்தில் ஏற்றப்படும் கற்பூரம் ஒரு திண்மம். அபிடேகத்துக்கு எடுக்கப்படும் நீர் ஒரு திரவம். நாம் சுவாசிக்கும் காற்று வாயு. சடப்பொருளின் இம்மூன்று நிலைகளையும் நாம் எல்லோரும் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். எனினும், ஒரு பொருள் இந்நிலைகளில் ஒன்றில் இருப்பதற்கும், மருந்துப் போத்தலிலே "பாவிக்குமுன் நன்றாகக் குலுக்கவும்" என்று எழுதப்பட்டிருப்பதற்கும் அடிப்படை ஒன்றே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலக்கூறுகளுக்கிடையிலான விசைகள்

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துணிக்கைகளால் ஆனவை. இவை ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றன. அதேவேளை ஒன்றையொன்று கவர்கின்றன. கவர்ச்சி மேலோங்கினால் அவை நெருங்கி ஓரிடத்தில் நிலைத்துத் திண்மமாகின்றன. அசைவு சற்று ஓங்கினால் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும் திரவமாகின்றன. அசைவே முழுதாக வென்றுவிட்டால் பிரிந்து பறந்து வாயுவாகின்றன.

மூலக்கூறுகளுக்கிடையிலான இக்கவர்ச்சியைக் கணித முறையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வந்தர்வாலிசு ஆவார். 1873ஆம் ஆண்டில் தமது ஆய்வை வெளியிட்ட அவர், 1910இல் நோபல் பரிசு பெற்றார். நலிந்த கவர்ச்சிகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. இவற்றிலும் வலியது ஐதரசன் பிணைப்பு. நீர் மூலக்கூறுகள் இப்பிணைப்பினால் கைகோத்து நிற்பதனாலேயே நீர் 100 பாகை செல்சியசு வரை கொதியாது இருக்கின்றது.

இறுக மூடி வைப்பது ஏன்?

கற்பூர மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி நலிந்தது. எனவே திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே நேரடியாக ஆவியாகிச் சிறுத்துப் போகின்றது. இதனைப் பதங்கமாதல் என்பர். கற்பூரத்தை இறுக மூடுவதோடு சிறுவர் கைக்கு எட்டாமலும் வைக்க வேண்டும். அதனை விழுங்கும் குழந்தைக்குக் கடும் வலிப்பு ஏற்படலாம்.

இருதய நோயாளர் நெஞ்சுவலியின்போது நாவின் கீழ் வைக்கும் சிறிய குளிசையிலும் இதைப் போன்ற இயல்பு உண்டு. அதிலுள்ள கிளிசரைல் ரைநைத்திரேற்று தூய நிலையில் ஒரு திரவம். மெல்ல மெல்ல ஆவியாகக் கூடியது. பிளாஸ்ரிக் பெட்டியில் மாற்றி வைத்தாலோ, கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தாலோ மருந்து வெளியேறிவிடும். குளிசை பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் நெஞ்சு வலிக்கும் வேளையில் உதவாது. ஆகவே அதனை அதற்குரிய கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வைத்தல் வேண்டும். போத்தலைத் திறந்து 8 வாரங்களின் பின் புதியதைப் பெற்றுக்கொள்ளும்படி கூறுவதும் இதனாலேயே.

கரைசலும் அளவும்

ஒரு பொருளின் துணிக்கைகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து, கவர்ந்து, பிரித்தெடுக்கும்போது அது கரைகின்றது. கரைவது கரையம், கரைப்பது கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல்.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் 'ஜீவனி' போன்ற உப்புத்தூள் இதற்குச் சிறந்த உதாரணமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவின்படி ஒரு லீற்றர் நீருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம் சேர்க்கப்படுகின்றன. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே குடற்சுவரினூடாக உட்செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கின்றது. நீரைக் குறைத்துக் கலந்தால் கரைசல் செறிவாகி, உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். நீரைக் கூட்டினால் இழந்த உப்பு ஈடுசெய்யப்படாது. ஆதலால் பக்கற்றில் எவ்வளவு நீர் எனக் குறிப்பிட்டுள்ளதோ, அவ்வளவு நீரையே அளந்து எடுக்க வேண்டும். பாதித் தூளைக் கண்மட்டத்தில் போட்டுக் கலக்கலாகாது. கலந்த கரைசலில் 24 மணித்தியாலத்துக்குப் பின் எஞ்சியதை ஊற்றிவிட வேண்டும்.

கரையாத மருந்துகள்

எல்லா மருந்தும் நீரில் நன்கு கரைவதில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் 100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராமே கரையும். ஆனால் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்ட குழந்தை மருந்துக்கு 100 மில்லிலீற்றரில் 2.4 கிராம் வேண்டும். மிகுதியை என்செய்வது?

ஒரு வழி, மருந்தை நுண்தூளாக்கித் திரவத்தில் மிதக்க விடுவது. இது தொங்கல் எனப்படும். தொங்கலை அசையாது வைத்தால் தூள் மெல்ல அடியில் படியும். குலுக்காது கொடுத்தால் முதல் நாட்களில் குழந்தைக்கு மருந்து போதாது, காய்ச்சல் தணியாது. போத்தலின் அடிக்கு வரும்போதோ ஒரே கரண்டியில் அளவுக்கு மிஞ்சிய மருந்து சென்றுவிடும். பரசிற்றமோல் மிகையானால் ஈரலைத் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

மற்றைய வழி, நீரோடு வேறொரு கரைப்பானைச் சேர்ப்பது. அக்கரைப்பான் தீங்கற்றதாய் இருத்தல் வேண்டும். 1937இல் அமெரிக்காவில், நீரில் நன்கு கரையாத சல்பனிலமைட்டு என்னும் மருந்தை டைஎதிலீன் கிளைக்கோலில் கரைத்து இனிய பாணியாக விற்றனர். சுவையையும் நிறத்தையும் மணத்தையும் பார்த்தவர்கள், அது நஞ்சா எனப் பார்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே அங்கு வந்தது. எனினும் 2022இல் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் சிறுநீரகப் பாதிப்பால் இறந்தபோது, அதனோடு தொடர்புபடுத்தப்பட்ட பாணி மருந்துகளில் இதே நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. எனவே பெயரும் பதிவும் அறியாத பாணி மருந்துகளை வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைத் தவிர்த்தல் நன்று.

குளிரும் வெப்பமும்

இன்சுலின் ஒரு புரதம். அதன் மடிப்புகளைத் தாங்கி நிற்பவையும் ஐதரசன் பிணைப்பு முதலான மெல்லிய விசைகளே. வெயிலில் வைத்தால் அவை தளரும், உறையவைத்தாலும் குலையும். ஆகவே திறவாத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வரையில் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்தலாகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது.

இவ்வாறு நோக்கும்போது, "குலுக்கவும்", "அளந்து கலக்கவும்", "இறுக மூடவும்", "உறைய விடாதீர்" என்பன வெறும் சம்பிரதாய வாசகங்கள் அல்ல என்பது புலனாகும். மருந்தும் அதன் அளவும் எவ்வளவு முக்கியமோ, இவ்வறிவுறுத்தல்களும் அவ்வளவு முக்கியம். கண்பார்வை குறைந்த முதியோருக்கு இவற்றை வாசித்து விளங்கப்படுத்துவது வீட்டிலுள்ள இளையோரின் கடமையாகும். ஐயம் எழுந்தால் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுத் தெளிவோமாக.