மழைக்கால ஆலோசனை: படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்த துணி முழுசாகக் காயாது. ஈரம் தங்கும் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் என்று தோல் நோய்கள் பெருகும் காலம் இது. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தை உண்டு வளர்கிறது.

அதைத் தடுக்கும் வேலை தோலிலேயே தொடங்குகிறது. பூஞ்சையின் சுவரில் உள்ள சர்க்கரைத் தொடர்களை இனங்கண்டதும் தோல் செல்கள் கெமோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. சுரந்த இடத்தில் அடர்த்தியாகவும், தள்ளிப் போகப்போகக் குறைந்தும் அவை திசுவில் படிகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவரை ஒட்டி உருண்டு செல்லும் வெள்ளணு, இந்தச் சமிக்ஞை பட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. குழாய்ச் செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறி, அடர்த்தி கூடும் திசையில் ஊர்கிறது. இன்டர்லூக்கின்-8 என்ற கெமோகைன் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கும். சிசிஎல்20 என்பது பூஞ்சையோடு பொருதும் டி செல் என்ற வெள்ளணுக்களை அழைக்கும். படர்தாமரையின் நடுப்பகுதி தெளிந்தும், ஓரம் சிவந்து தடித்தும் இருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். பூஞ்சை முன்னேறும் அந்த ஓரத்தில்தான் வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றன.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. அது கெமோகைன் சுரப்பையே அடக்கிவிடும். அரிப்பும் சிவப்பும் இரண்டொரு நாளில் தணியும். அழைப்பு நின்றுபோன இடத்தில் பூஞ்சை தடையின்றிப் பரவும். வட்டத்தின் ஓரம் மங்கிவிடுவதால் மருத்துவருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகும். களிம்பை நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். இந்தியாவில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். 2018-இல் இத்தகைய பல ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆகவே வாங்குமுன் குழாயின் மேலுள்ள பெயர்களைப் படிக்க வேண்டும். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று இருந்தால் படர்தாமரைக்கு அது ஆகாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சுரண்டி எடுத்த செதிலை நுண்ணோக்கியில் பார்த்தே அவர் பூஞ்சையை உறுதி செய்துவிடலாம். அவர் தரும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பை வட்டத்தைத் தாண்டி ஏறத்தாழ 2 செ.மீ. வரை பூச வேண்டும். வட்டம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடக் கூடாது.

குளித்ததும் இடுக்குகளை ஒற்றித் துடைக்கவும். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு உடுத்தலாம். அரைஞாண் கயிறு நாள் முழுதும் நனைந்தே கிடக்கும் என்பதால், இடுப்பில் நோய் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை.

சர்க்கரை நோயாளிகள் தினமும் கால்விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும்போது நியூட்ரோஃபில்கள் சமிக்ஞையைப் பின்பற்றி நகரும் திறன் குறைகிறது. வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியா காலையே வீங்கச் செய்யும். வீக்கம், சூடு, காய்ச்சல் தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.