ரிப்போர்ட் நார்மல், தலைவலி மட்டும் ஏன்?

கேள்வி: மாதவிலக்கு நெருங்கினாலே ஒற்றைத் தலைவலியில் இரண்டு மூன்று நாள் படுத்துவிடுகிறேன். வாந்தி வேறு, வெளிச்சமே ஆகாது. எந்த மாத்திரையும் கேட்கவில்லை. ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை எல்லாம் நார்மல். இப்போது டாக்டர், "மூன்று மாதம் டைரி எழுதிக்கொண்டு வாங்க" என்கிறார். மெஷினுக்குத் தெரியாதது நோட்டுக்குத் தெரியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நல்ல கேள்வி. நோட்டுக்குத் தெரியும்.

ஹார்மோன் கூடக் குறைய இருந்தால்தான் இந்த வலி வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அளவு எல்லாரையும் போலத்தான் இருக்கும். மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் எந்தப் பெண்ணுக்கும் சரசரவென்று இறங்கும். மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) உள்ள மூளைக்கு அந்த இறக்கம் ஒத்துக்கொள்வதில்லை. ஒருநாள் எடுத்த ரத்தம் அன்றைய அளவைச் சொல்லுமே தவிர, இறக்கத்தை எப்படிச் சொல்லும்?

ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில் 1972-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மாதவிலக்குக்கு முன் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். உதிரப்போக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போனது. புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தபோது உதிரப்போக்கு தள்ளிப்போக, தலைவலி பழைய தேதிக்கே வந்து நின்றது!

ஆக, இந்த நோய்க்குச் சாட்சி தேதிதான். உதிரம் தொடங்கும் நாளை 1 என்று வையுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை, மூன்று சுழற்சிகளில் இரண்டிலாவது மைக்ரேன் வந்தால் அது மாதவிலக்கு மைக்ரேன். மற்ற நாட்களிலும் வருகிறதா என்பதும் முக்கியம். வைத்தியம் அதைப் பொறுத்து மாறும். இந்தத் தேதிகளைக் குறிக்க, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும்.

"எந்த மாத்திரையும் கேட்கவில்லை" என்கிறீர்கள். என்னிடம் வருபவர்கள் பையைக் கவிழ்த்தால், பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோன அட்டைகளாக விழும். "அந்த ரோஸ் கலர் மாத்திரை, சார்" என்பார்கள். ரோஸ் கலரில் எத்தனையோ! பெயர், மில்லிகிராம், வலி தொடங்கிய மணி, விழுங்கிய மணி, இரண்டு மணி நேரம் கழித்து எப்படி இருந்தது, எல்லாவற்றையும் குறியுங்கள். வலி முற்றியபின் விழுங்கி, உடனே வாந்தியும் எடுத்திருந்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. தினசரித் தடுப்பு மருந்து சாப்பிட்டிருந்தால் எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். பத்து நாளில் விட்டது தோற்ற மருந்தாகாது. இரண்டு மாதமாவது பார்க்க வேண்டும்.

மாத்திரை நாட்களையும் எண்ணுங்கள். டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே உள்ள மாத்திரை) மாதம் 10 நாள், பாராசிட்டமால் போன்றவை 15 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மருந்தே தலைவலியை வளர்க்கும்.

வலிக்கு முன் கண்ணில் கோணல்மாணலாக மின்னும் கோடுகள் தெரிகின்றனவா? அது 'ஆரா', அதாவது மைக்ரேனின் முன்னறிகுறி. இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இடி விழுந்தது போல நொடியில் உச்சம் தொடும் தலைவலியோ, கை கால் மரத்துப்போவதோ பலவீனமோ வந்தால் மட்டும் டைரியைத் தேடாதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.