கால் தளர்வது காலால் மட்டுமா?

வயதானவரின் நடை மெதுவாகிவிட்டால் வீட்டில் காரணம் தயாராக இருக்கும்: மூட்டுத் தேய்மானம், இல்லாவிட்டால் வயசு. நடைக்கும் நினைவுக்கும் தொடர்பில்லை என்ற இந்த நம்பிக்கை பலருக்கு நல்ல காலத்தை வீணாக்கிவிடுகிறது. மேடுபள்ளம் பார்த்து, எதிரே வருபவருக்கு விலகி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது மூளை. கவனத்தையும் திட்டமிடலையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும்போது, நடையும் சிந்தனை வேகமும் சேர்ந்தே குறையக்கூடும்.

இதற்கு மிக எளிய சான்று 1997இல் ஸ்வீடனில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் கீழே விழுந்தார்கள். முழங்கால் வலி மட்டுமே காரணமென்றால் ஒரு கேள்வி கேட்டதற்காகக் கால் நிற்க வேண்டியதில்லை. கவனத்தை இரண்டு வேலைக்குப் பங்கிட முடியாத திணறல் அது. பின்னர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸின் குழு, மெதுவான நடையும் மறதி பற்றிய முறையீடும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைத் தனி அபாய நிலையாக வரையறுத்தது. 17 நாடுகளில் 26,802 முதியவர்களின் தரவை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த நிலை இருந்தது. அவர்களுக்கு அறிவாற்றல் குறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு.

அப்படியானால் மெதுவாக நடப்பவர்களுக்கெல்லாம் மறதி நோய் வந்துவிடுமா என்று கேட்கலாம். வராது. இருமடங்கு வாய்ப்பு என்பது நோய் உறுதி என்றாகாது. மூட்டு வலியும் கண்பார்வைக் குறைவும் தாமாகவே நடையைத் தளர்த்தும். இதற்கு எதிர்ப்பக்க நம்பிக்கை ஒன்றும் உலவுகிறது: தினமும் நடந்தால் மறதி அண்டாதாம். 2011இல் 120 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சிக்குப் பின் நினைவுக்குரிய மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது உண்மைதான். ஆனால் 70 முதல் 89 வயதுவரையிலான 1,635 பேரிடம் இரண்டாண்டு நடந்த இன்னும் பெரிய சோதனையில், உடற்பயிற்சி செய்தவர்களின் அறிவாற்றல், வெறும் நலக்கல்வி பெற்றவர்களைவிட மேம்படவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நடைப்பயிற்சி அவசியம். மறதிக்கு அது காப்பீடு என்று வாக்குறுதி தருவது தவறு.

தடுக்க முடியாததை முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்பதுதான் கடைசி எதிர்வாதம். இங்கேதான் எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளைக்குள் நீர் தேங்கி, அழுத்தம் மட்டும் இயல்பாகவே காணப்படும் ஒரு நோயை 1965இலேயே மருத்துவர்கள் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்தார்கள். அதில் பெரும்பாலும் முதலில் கெடுவது நடை: கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுபடும். மறதியும் சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பும் பின்தொடரும். தேங்கிய நீரை வடியவைக்கும் குழாயைப் பொருத்தினால் பலருக்கு நடை மீள்கிறது. பி12 குறைபாடும் சில தூக்க மாத்திரைகளும்கூட நடை, நினைவு இரண்டையும் குலைப்பவை, இவையும் சரிசெய்யக்கூடியவையே. ஆகவே சில மாதங்களில் பெற்றோரின் நடை மாறியிருந்தால், மருத்துவரிடம் முழங்காலைக் காட்டும்போதே அவர்களது மறதியையும், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.