மாசி வீதியும் தேனூர் மண்டபமும்

கள்ளழகர் வைகையில் இறங்கும் திருக்கோலத்தைச் சேவிக்க மதுரைக்கு வரும் அன்பர்கள், அதற்கு முன்னர் நிகழும் மீனாட்சி சுந்தரேசுவரர் தேரோட்டத்தையும் கண்டு மகிழ்வர். அவருள் சிலர்க்கேனும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நடைபெறுவது சித்திரைப் பெருவிழா. தேர் ஓடுவதோ மாசி வீதிகளில்! சித்திரையின் பெயரால் நான்கு வீதிகள் மதிலை ஒட்டியே இருக்க, இஃது ஏன்?

மதுரை மாநகரின் பழைய வீதிகள் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றன்புறம் ஒன்றாகச் சதுரமாய் அமைந்தவை. மதிலின் உள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி. அதற்கப்பால் மாசி வீதி. விழா நிகழும் மாதத்தின் பெயரே வீதிக்கு அமைந்தது. பெருந்தேர் முன்னாளில் மாசியில் ஓடியது என்பதும், திருமலை நாயக்கர் (1623–1659) அவ்விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பதும் வழிவழி வரும் செய்தி. அறுவடைக் காலமாதலின் வடம் பிடிக்க ஆள் கிட்டாமையும் ஒரு காரணமென்பர். மாதம் மாறிற்று, வீதியின் பெயரை எவரும் மாற்றவில்லை. அவ்வாறு மாற்றியிருப்பின் இவ்வையம் நமக்கு எழுந்திராது. பழைய விழாவின் சுவடும் மறைந்திருக்கும்.

எல்லாப் பெயரும் விழாவால் வந்தன அல்ல. பெருமாள் மேஸ்திரி வீதி என்றதும் எம்பெருமான் திருநாமம் என்று கைகூப்புவாரும் உளர். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அப்பணியில் துணைநின்றவரின் பெயர் அது. மாரட் வீதியும் அத்தகையதே.

இனி அழகரிடம் வருவோம். வண்டியூரில் மண்டூக முனிவர்க்கு அவர் மோட்சம் அருளும் இடத்திற்குத் தேனூர் மண்டபம் என்று பெயர். வண்டியூரில் தேனூர் ஏன்? தேனூர் சோழவந்தான் பக்கத்து வைகைக் கரையூர். அழகர் முன்பு அலங்காநல்லூர் வழியாக அங்கேதான் எழுந்தருளினார் என்றும், நாயக்கர் காலத்தில் இரு விழாக்களும் இணைந்தபோது மதுரைக்கு வரலானார் என்றும் கூறுவர். விழாவை விட்டுக்கொடுத்த ஊருக்கு மண்டபத்தின் பெயராவது எஞ்சியது. கருட வாகனத்தில் அழகரைச் சேவிக்கும் அன்பர்கள், அவ்வூரார் அருகே நின்றால் அவர்க்குச் சற்று இடம் விடுக.