யாழ்ப்பாணர்க்கு வேதிகையருகில் இடம்

ஆலயப் பிரவேசத்தைக் குறித்து வாதம் எழும்போதெல்லாம் திருநாளைப்போவார் சரித்திரமே இருசாராராலும் எடுத்துக்காட்டப்படும். "அவர் தீயில் மூழ்கிய பின்னரன்றோ தில்லைக்குட் புகுந்தார்?" என வினாவுவர் தடை செய்வோர். ஒரு சரித்திரத்தை மாத்திரம் கொண்டு முடிவு கூறுதல் நூலாராய்ச்சி முறையன்று. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் இதற்கு விடை தரும் மற்றொரு சரித்திரமும் உளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் திருவெருக்கத்தம்புலியூரிற் பாணர் குலத்து உதித்தவர். திருவாலவாயில் அவர் வாயிற்புறத்தே நின்று யாழிசைத்தார். அவரை உள்ளே அழைத்து வருமாறு இறைவர் தொண்டர்க்கு இரவில் உணர்த்தினார். நிலத்தின் ஈரத்தால் யாழ் நரம்பு கெடாவண்ணம் பொற்பலகையும் இடுவித்தார். பின்னர்த் திருஞானசம்பந்தப் பிள்ளையாருடன் சாத்தமங்கைக்குச் சென்றபோது, அந்தணராகிய திருநீலநக்கர் தம் மனையில், வேள்வி வேதிகையின் பக்கத்தே, நாயனார்க்கும் அவர் மனைவியார்க்கும் தங்க இடம் அளித்தார். வேதிகைத் தீ வலஞ்சுழித்து ஓங்கியது.

இவற்றால் அறியப்படுவன மூன்று. தீக்குளியாமலே ஒருவர் உட்புகுந்தாராகலின், தீயைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. தடையை வகுத்தவர் மாந்தர், நீக்கியவர் இறைவர். திறந்தது கோயில் மாத்திரமன்று, இல்லமுமாம். "திருவாரூரில் அவர்க்கு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டதன்றோ?" எனின், அதுவும் அவரை உள்ளே கொள்ளுதற்கன்றிப் புறத்தே நிறுத்துதற்கு வகுத்ததன்று.

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1956இல் எல்லார்க்கும் திறக்கப்பட்டது. சாதி காரணமாக ஒருவரை ஆலயத்தினின்றும் விலக்குதல் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தாற் குற்றமாயிற்று. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் வழிபட வந்தோர் மறிக்கப்பட்டனர். அவர்கள் வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். மறித்தோர்க்குத் தலைமை பூண்டவர் கணிதப் பேராசிரியராய் விளங்கிய சி. சுந்தரலிங்கம். கல்வி மாத்திரம் இம்மலத்தைக் கழுவாதென்பது இதனாற் பெறப்படும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தன் 12ஆம் உறுப்புரையில் இவ்விலக்கை மறுக்கின்றது.

கொழும்பில் வாழும் நாம், "இங்கே அத்தீங்கு இல்லை" என்று ஆறுதல் கொள்ளலாமோ? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலைநாட்டாரும் ஒரே வரிசையில் நின்று திருநீறு பெறுகின்றனர், உண்மையே. ஆயினும் மணம் பேசும் பத்திரிகை விளம்பரங்களிற் சாதிப்பெயர் இன்னும் ஒழிந்திலது. இந்நகரத் தெருக்களைத் துப்புரவு செய்வோருட் பலர், பிரித்தானியர் காலத்தில் அத்தொழிற்கெனத் தமிழகத்தினின்றும் கொணரப்பட்டோர் வழியினர். அவர்க்கு வேறு குவளையில் நீர் வார்த்து வாயிலிலேயே அனுப்புவோர், திருநீலநக்கர் மனையை ஒருகணம் சிந்தித்தல் தகும். கோயிற் கதவைச் சட்டம் திறந்தது; மனைக்கதவைத் திறத்தல் நம் கடன். அன்பர்காள், அதனை இன்றே செய்வோமாக.